ஒப்பந்தத்தில் 37.5 மணி, ரோட்டாவில் 14: கேர் விசாவில் இருப்பவர் முன்னுள்ள வழிகள்

பிரிட்டனுக்குக் கேர் விசாவில் (முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்கான விசா) வந்தவர்களின் ஸ்பான்சர் காகிதத்தில், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற கம்பெனியின் காகிதத்தில், இப்போது பெரும்பாலும் ஒரே கணக்குதான் இருக்கிறது. வாரம் 37.5 மணி நேரம், மணிக்கு 12.82 பவுண்ட், ஆண்டுக்கு 25,000. விசாவைக் கவனிக்கும் உள்துறையான ஹோம் ஆபீஸ் 2025 ஏப்ரலில் வைத்த குறைந்தபட்ச வரம்பு அது. முன்னால் வந்தவர்களுக்கு 10.75, 11.90 என்று தொகை குறைவாக இருக்கும். மணிக்கணக்கு ஏறத்தாழ அதுவேதான். வந்து சேர்ந்தபின் ரோட்டாவில், அதாவது வேலை நேர அட்டவணையில், விழுவது வாரம் 14 மணி. சில வாரம் 9. சில வாரம் ஒன்றுமே இல்லை. கேட்டால் ஒரே பதில்: "கிளையன்ட் இல்லை, கவுன்சில் பேக்கேஜ் (உள்ளாட்சி மன்றம் ஒதுக்கும் கேர் வேலை) கொடுத்ததும் போடுகிறோம்."

14 மணிக்குக் கிடைப்பது 179 பவுண்ட் 48 பென்ஸ். 37.5 மணிக்கு வரவேண்டியது 480 பவுண்ட் 75 பென்ஸ். வாரத்துக்கு 301 பவுண்ட் துண்டு விழுகிறது, 13 வாரத்தில் 3,900-க்கு மேல். ஊரில் நகையை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்தின் வட்டி இதில் சேரவில்லை.

இந்த நிலையில் ஐந்து வழிகள் பேச்சில் அடிபடுகின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, கம்பெனியிடம் எழுத்தில் கேட்பது, ட்ரைபியூனல் (வேலைத் தகராறு தீர்ப்பாயம்) போவது, ஸ்பான்சரை மாற்றுவது, ஹோம் ஆபீசுக்குப் புகார் கொடுப்பது. இதில் "எது நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, இரண்டு கெடுக்களை மனதில் வையுங்கள் என்பதைத்தான். ஒன்று, சம்பளப் பாக்கியைக் கேட்பதற்கான 3 மாதம். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, ஸ்பான்சர் போய்விட்டால் ஹோம் ஆபீஸ் தரும் 60 நாள். அது இன்னும் தொடங்கவில்லை. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அடியும் இந்த இரண்டில் எதைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் வழிகளை ஒப்பிட வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. தெரிந்தவர்களின் ஒப்பந்தத்தையும் பேஸ்லிப்பையும் உட்கார்ந்து பார்த்துக்கொடுக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். விசா விஷயத்தில் ஆலோசனை சொல்ல இங்கே சட்டப்படி தகுதி வேண்டும்: வக்கீலாக இருக்க வேண்டும், அல்லது இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்பவரிடம் முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள். கீழே சொல்வது இங்கிலாந்தில் இருப்பவர்களை வைத்து.

வேலையே கொடுக்காத நேரத்துக்குச் சம்பளம் கேட்கலாமா?

கேட்கலாம். வேலை செய்யாமல் எப்படிக் கேட்பது என்று நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் இத்தனை மணி என்று உறுதி கொடுத்துவிட்டு, நீங்கள் வரத் தயாராக இருக்கும்போது வேலை தராமல் இருந்தால், அந்த மணிகளுக்கான சம்பளம் பாக்கிதான். தொழில் மந்தம் என்ற சாக்கு இங்கே புதிதல்ல. வேல்சில் ஒரு தகரத்தகடு ஆலை, லாபம் இல்லை என்று கதவை மூடிவிட்டுத் தொழிலாளியைச் சம்பளமில்லாமல் உட்கார வைத்தது. டெவொனால்ட் எதிர் ராசர் என்று சொல்லப்படும் அந்த வழக்கில் 1906-இலேயே அப்பீல் நீதிமன்றம், வேலை குறைந்ததன் சுமையை அப்படியே தொழிலாளி தலையில் இறக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அவர் மணிக்கணக்கில்கூடச் சம்பளம் வாங்கவில்லை. செய்த உருப்படிக்குக் கூலி வாங்கியவர்.

ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று காகிதங்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ஆஃபர் லெட்டர், சி.ஓ.எஸ். (உங்கள் விசாவுக்காகக் கம்பெனி ஹோம் ஆபீசில் பதிவு செய்த ஸ்பான்சர் சான்று) விவரம், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். மூன்றிலும் 37.5 அல்லது 39 என்று இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. சில கம்பெனிகள் ஆஃபர் லெட்டரில் 39 என்று போட்டுவிட்டு, இங்கே வந்தபின் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தின் நடுவில் "தொழில் தேவைக்கேற்ப மணிநேரம் மாறும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கும். அப்படி இருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. ஹோம் ஆபீசிடம் ஒரு கணக்கும் உங்களிடம் இன்னொரு கணக்கும் காட்டியது ஏன் என்று கம்பெனிதான் விளக்க வேண்டியிருக்கும். சி.ஓ.எஸ். தன்னளவில் உங்களுக்கும் முதலாளிக்குமான ஒப்பந்தம் ஆகாது. ஆனால் என்ன பேசி உங்களை வரவழைத்தார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

"கேரன்டி பே கொடுத்துவிட்டோம்" என்று சிலர் 195 பவுண்டைக் கையில் வைப்பார்கள். வேலையில்லாத முழு நாளுக்கு 2025 ஏப்ரல் கணக்குப்படி 39 பவுண்ட், 3 மாதத்தில் 5 நாளுக்கு மட்டும் என்று சட்டம் வைத்திருக்கும் அடிமட்டத் தொகை அது. சம்பளமில்லாமல் லேஆஃப் செய்யலாம் (தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்தி வைக்கலாம்) என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தால்தான் கம்பெனி அதோடு நிறுத்திக்கொள்ள முடியும். அந்த வரி இல்லையென்றால் முழுச் சம்பளம்தான்.

புதிய சட்டம் வந்துவிட்டது, இனி மணிநேர உத்தரவாதம் உண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. 2025 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற வேலை உரிமைகள் சட்டத்தைத்தான் சொல்கிறார்கள். ஜீரோ ஹவர் (மணிநேர உத்தரவாதமே இல்லாத), குறைந்த மணிநேர ஒப்பந்தக்காரர்களுக்கு, அவர்கள் வழக்கமாகச் செய்துவந்த மணிக்கணக்கை உறுதிசெய்து கொடுக்க வேண்டும் என்கிறது அது. அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வர வேண்டும். உங்கள் விஷயத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போனால் எதிராளிக்குத்தான் வசதி. நீங்கள் செய்துவந்தது 14 மணி என்றால் அதன் அளவுகோலும் 14-ஐச் சுற்றித்தான் நிற்கும். உங்களுக்கு வாக்குக் கொடுத்ததோ 37.5. பழைய ஒப்பந்தச் சட்டத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரோட்டாவைப் பாருங்கள்

எந்த வழிக்கும் முன் செய்யவேண்டிய வேலை இது. வீடுவீடாகப் போகும் கேர் வேலையில் ஒரு நாள் ரோட்டா இப்படி இருக்கும்: காலை 7.00–7.30, 8.10–8.55, மதியம் 12.15–12.45, 1.15–1.45, மாலை 5.00–5.30, இரவு 8.30–9.00. வீட்டை விட்டுக் கிளம்பி 14 மணி நேரம் ஆகிவிடும். பேஸ்லிப்பில் ஏறுவது 3 மணி 15 நிமிடம், அதாவது 41 பவுண்ட் 67 பென்ஸ்.

இங்கே இரண்டு தனித்தனிப் பாக்கிகள் இருக்கின்றன. ஒன்று, தராத மணிகள். இன்னொன்று, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போன நேரம். குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் அந்தப் பயண நேரமும் வேலை நேரம்தான். நடுவில் வீட்டுக்கு வந்து படுத்த நேரம் சேராது. பஸ்ஸில் கிளையன்டிடமிருந்து கிளையன்டுக்குப் போனது சேரும். மேலே சொன்ன நாளில் பயணம் ஒரு மணி என்று வைத்தால், 41.67-ஐ 4.25-ஆல் வகுக்க வேண்டும்: மணிக்கு 9 பவுண்ட் 80. சட்டக் கூலி 2025 ஏப்ரலிலிருந்து 12.21, 2026 ஏப்ரலிலிருந்து 12.71. சட்டம் ஒரு நாளை மட்டும் பார்க்காது, முழுச் சம்பளக் காலத்தையும் கூட்டிப் பார்க்கும். எல்லா நாளும் இப்படியே இருந்தால் விடை மாறாது. இந்தப் புகாரைக் குறைந்தபட்சக் கூலியை அமல்படுத்தும் அரசு அதிகாரிகளிடம் கொண்டு போகலாம். தராத மணிகளுக்கு அவர்கள் வரமாட்டார்கள்.

ரோட்டா ஆப்பில் இருப்பதை வாராவாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். வேலையை விட்டு எடுத்தால் அவர்கள் முதலில் மூடுவது அந்த ஆப் லாகின்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான், அதற்குக் காரணமும் உண்டு. விசா கையில் இருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, ஒருநாள் மணி கூடும் என்ற நம்பிக்கை. கூடவே, ஸ்பான்சர் வேலைக்கு வெளியே வாரம் 20 மணி வரை இன்னொரு இடத்தில் அதே கேர் வேலை செய்ய விதி இடம் கொடுக்கிறது. பலர் அதில்தான் வாடகை கட்டுகிறார்கள். ஆனால் ஸ்பான்சர் வேலையையும் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஸ்பான்சரிடம் மாதக்கணக்கில் பூஜ்ய மணி என்றால் அந்த 20 மணிக்கும் தரை இல்லாமல் போகிறது.

இதில் ஓடிக்கொண்டிருப்பது 3 மாதக் கெடு. தொடர்ந்து குறைத்துக்கொண்டே வந்தால் கடைசிக் குறைப்பிலிருந்து எண்ணலாம், பின்னோக்கி 2 ஆண்டுவரை கேட்கலாம். வேலை நின்ற பிறகு சும்மா இருந்தால்தான் அடி. விசா நீட்டிப்பு நேரத்தில் இன்னொரு சிக்கல் வரும்: ஸ்பான்சர் சொன்ன சம்பளமும் வரித்துறைக் கணக்கில் ஏறிய சம்பளமும் ஒத்துப்போகிறதா என்று ஹோம் ஆபீஸ் பார்க்கும்.

இதைச் சமாளிக்கச் சில கம்பெனிகள் ஒரு வித்தை செய்கின்றன. முழுச் சம்பளத்தையும் பேங்கில் போட்டு, அடுத்த நாளே பாதிக்கு மேல் கேஷாகத் திருப்பிக் கேட்பார்கள். முதலாளியும் நம்ம ஊர்க்காரராக இருந்தால் பேச்சு இன்னும் இனிப்பாக இருக்கும்: "தம்பி, உன் விசாவுக்காகத்தானே இதைப் பண்றேன்." இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். காகிதத்தில் உங்களுக்குப் பாக்கியே இல்லை என்று ஆகிவிடும், பொய்க் கணக்கில் உங்கள் பங்கும் சேர்ந்துவிடும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஏ.டி.எம்.மில் எடுத்த ரசீதையும் அதைக் கேட்ட மெசேஜையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பதிவு பெற்ற ஆலோசகரைப் பாருங்கள். வெற்றுத்தாளில் "என் சொந்த விருப்பத்தால் மணிநேரம் குறைத்துக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேட்பதும் இதே ரகம்.

எழுத்தில் கேட்பது

செலவில்லை, எந்தக் கெடுவையும் தூண்டுவதில்லை, பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். இருந்தும் செய்ய மாட்டார்கள். "அண்ணா, கொஞ்சம் ஷிப்ட் பார்த்துப் போடுங்களேன்" என்று போனில் கேட்பதோடு சரி. அந்த அண்ணா நாளைக்கு ட்ரைபியூனலில், "அவர்தான் வரமுடியாது என்று சொன்னார்" என்பார்.

அண்ணா என்றே அழையுங்கள், குற்றமில்லை. ஆனால் ஈமெயிலில், ஆங்கிலத்தில், நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: ஒப்பந்தப்படி வாரம் 37.5 மணி, இந்தத் தேதியிலிருந்து கிடைத்தது இத்தனை, வாரத்தில் எல்லா நாளும் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், குறைந்த மணிகளுக்கான சம்பளத்தைத் தாருங்கள். மூன்றாவது வரிதான் உயிர்நாடி. வரத் தயாராக இருந்தீர்களா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். பதில் வராவிட்டால் அதையே முறையான புகாராக, அதாவது கிரீவன்ஸாக, எடுத்துக்கொள்ளும்படி இன்னொரு மெயில்.

சட்டப்படியான சம்பளத்தைக் கேட்டதற்காக வேலையை விட்டு எடுத்தால், சேர்ந்து எத்தனை நாள் ஆனாலும் அது தானாகவே நியாயமற்ற நீக்கம் ஆகும். இது தெரிந்த கம்பெனிகள் இப்படி ஒரு மெயில் வந்ததும் திடீரென்று 25 மணி போட்ட சம்பவங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

ஏகாஸ், பிறகு ட்ரைபியூனல்

ட்ரைபியூனலுக்குக் கட்டணம் கிடையாது. 2013-இல் கொண்டுவந்த கட்டணத்தை யூனிசன் தொழிற்சங்கம் வழக்குப் போட்டு 2017-இல் சுப்ரீம் கோர்ட்டில் உடைத்தது. நேராக அங்கே போக முடியாது. முதலில் ஏகாஸ் என்ற அரசு சமரச அமைப்பில் ஆன்லைனில் பதிவு செய்யவேண்டும். கடைசிச் சம்பளக் குறைப்பிலிருந்து 3 மாதத்துக்கு ஒரு நாள் முன்னதாகப் பதிவு இருக்க வேண்டும். சமரசம் நடக்கும் காலத்தில் கெடு ஓடாமல் நிற்கும். 2025 டிசம்பரிலிருந்து அந்தக் காலம் 12 வாரம் வரை போகலாம். கெடுவையே 6 மாதமாக்கும் திருத்தமும் புதிய சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது 2026 அக்டோபருக்கு முன் இல்லை. உங்களுக்குப் பொருந்துகிறது என்று உறுதியாகத் தெரியும்வரை 3 மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, வேலையில் இருந்துகொண்டே கேட்கலாம் என்பது. சம்பளப் பிடித்தம் என்ற தலைப்பில் 1996 வேலை உரிமைகள் சட்டத்தின் கீழ் கேட்பதற்கு வேலையை விட வேண்டியதில்லை. ஒப்பந்த மீறல் என்று அதே ட்ரைபியூனலில் கேட்பதற்குத்தான் வேலை முடிந்திருக்க வேண்டும், அதற்கு 25,000 பவுண்ட் உச்சவரம்பும் உண்டு. ட்ரைபியூனல் கெடு தவறிப்போனவர்களுக்கு 6 ஆண்டுவரை கவுன்டி கோர்ட் திறந்திருக்கிறது, ஆனால் அங்கே கட்டணம் உண்டு.

பிடிக்காதது, தாமதம். ஓராண்டுக்கு மேலும் இழுக்கும். தீர்ப்பு சாதகமாக வந்தாலும் விசாவை அது தொடாது. சின்ன கம்பெனி அதற்குள் மூடிவிட்டால், முறைப்படி திவால் ஆகியிருந்தால்தான் அரசு நிதியிலிருந்து 8 வாரச் சம்பளம்வரை, வாரத்துக்கு ஓர் உச்சவரம்போடு, கிடைக்கும். சத்தமில்லாமல் பெயரை அழித்துக்கொண்டு போன கம்பெனி என்றால் அதுவும் கஷ்டம்.

ஒரு விதிவிலக்கு. முறைகேட்டை வெளியே சொன்னதற்காக வேலையை விட்டு எடுத்தால், 7 நாளுக்குள் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். இந்தியாவிலிருந்து வந்த ஒரு கேர் ஊழியருக்கு 2024-இல் இப்படி ஓர் உத்தரவு கிடைத்தது: முழு விசாரணை முடியும்வரை சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று. வாரக்கணக்கு இல்லை, 7 நாள். வேலை போன அன்றே ஆள் தேட வேண்டும்.

ஸ்பான்சரை மாற்றுவது

2025 ஜூலை 22-ஆம் தேதியோடு வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் விசாவில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்க மோசமாக இருந்தாலும், ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கு இதில் ஒரு சின்ன லாபம் உண்டு. ஆள் வேண்டுமென்றால் கம்பெனிகள் உங்களைப் போன்றவர்களைத்தான் பார்க்க வேண்டும். இந்த விசாவுக்குள்ளேயே கம்பெனி மாறுவதற்கு 2028 ஜூலை 22 வரை வழி வைத்திருக்கிறார்கள். ஸ்பான்சரை இழந்தவர்களைப் புதிய வேலையோடு சேர்த்துவைக்க இங்கிலாந்து முழுக்க வட்டாரக் கூட்டமைப்புகளும் இருக்கின்றன.

புதிய சி.ஓ.எஸ்., புதிய விண்ணப்பம், 2025 ஏப்ரல் கட்டணப்படி 3 ஆண்டுவரையான விசாவுக்கு 304 பவுண்ட். முடிவு வரும்வரை புதிய இடத்தில் வேலையைத் தொடங்கக் கூடாது; பழைய இடத்தில் இருக்கலாம். அதனால்தான் பழைய வேலையில் இருக்கும்போதே இதைத் தேடச் சொல்கிறேன். தேடுகிறேன் என்று அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம், ரூம்மேட்டிடம்கூட.

இங்கேதான் இரண்டாவது முறை ஏமாறுகிறார்கள். "ஸ்பான்சர் மாற்றித் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் பவுண்ட் கேட்கும் ஏஜென்ட்டிடம் போனால், முதல் கம்பெனியைப் போலவே இன்னொன்றுதான் கிடைக்கும். சி.ஓ.எஸ். விற்பவரிடம் கொடுப்பதற்கு மணிநேரம் இருக்காது. அரசின் ஸ்பான்சர் பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, அடிக்கடி புதுப்பிக்கிறார்கள். அதில் பெயர் இருக்கிறதா, கேர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் சி.கியூ.சி.யின் ஆய்வு அறிக்கை எப்படி என்று பார்த்துவிட்டு, அங்கே வேலை செய்பவர் ஒருவரின் போன மாத ரோட்டாவைக் கேட்டுப் பாருங்கள். வீடுவீடாகப் போகும் வேலையைவிடக் கேர் ஹோமில் மணிக்கணக்கு நிலையாக இருக்கும். 12 மணி ஷிப்ட் மூன்று போட்டாலே 36 ஆகிவிடும்.

பழைய கம்பெனி, "போனால் ரெக்ரூட்மென்ட் செலவைத் திருப்பிக் கட்டு" என்று மிரட்டும். அதில், வெளிநாட்டு ஊழியரை எடுக்கும் கம்பெனி அரசுக்குக் கட்டும் இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை ஊழியரிடம் வசூலிக்கவே கூடாது. 2024 டிசம்பர் 31 அன்றோ அதற்குப் பிறகோ கொடுத்த சி.ஓ.எஸ். என்றால் அதன் கட்டணத்தையும் கேட்கக் கூடாது. பயிற்சிச் செலவு என்று எழுதியிருந்தால் அந்த வரியைக் காட்டி ஆலோசனை வாங்குங்கள்.

ஹோம் ஆபீசுக்குப் புகார்

கோபத்தில் முதலில் தோன்றுவது இது. நான் கடைசியில் வைக்கிறேன். 2022 ஜூலையிலிருந்து 2024 டிசம்பர்வரை கேர் துறையில் 470-க்கு மேற்பட்ட ஸ்பான்சர் லைசென்ஸ்களை (வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்கான அனுமதி) ரத்து செய்ததாக அரசே சொன்னது. அவற்றோடு தொடர்புடைய ஊழியர்கள் 39,000-க்கு மேல். லைசென்ஸ் போனால் முதலாளிக்குத் தொழில் நஷ்டம். உங்களுக்கு வருவது ஒரு ஈமெயில்: 60 நாளில் புதிய ஸ்பான்சரோடு விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள். புகார் கொடுத்தவர் என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில், முதலாளிமேல் நடவடிக்கை எடுக்கும் தொழிலாளி அதற்காக அங்கேயே தங்கியிருக்க ஒரு தனி விசாவைச் சோதனையாகக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அப்படி ஒன்று இல்லை.

60 நாள் அந்தக் கடிதத்திலிருந்துதான் எண்ணப்படும், வேலை போன நாளிலிருந்து இல்லை. கடிதம் வர மாதங்களும் ஆகலாம். "உன் விசாவை கேன்சல் பண்ணிடுவேன்" என்று மேனேஜர் சொன்னால் அது அவர் கையில் இல்லை. ஸ்பான்சர் செய்வதை நிறுத்தினேன் என்று தகவல் கொடுக்கத்தான் அவரால் முடியும். ஹோம் ஆபீஸ் கணக்கில் உங்கள் ஈமெயில் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விசாவுக்கு ஏஜென்ட்டின் ஈமெயிலைக் கொடுத்துவிட்டு, கடிதம் வந்ததே தெரியாமல் நாள் கடந்தவர்கள் உண்டு.

பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருப்பது, கடனைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது என்று போனால் அது மணிநேரத் தகராறு இல்லை. நவீன அடிமைத்தனத்துக்கான உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்; மேலே சொன்ன வரிசை அங்கே பொருந்தாது.

எந்த வரிசையில்?

கம்பெனி கொஞ்சம் பெரியது, லைசென்ஸ் நிலையாக இருக்கிறது என்றால்: இந்த வாரம் ஈமெயில், இரண்டு வாரம் கழித்து கிரீவன்ஸ், அதற்கும் அசையாவிட்டால் ஏகாஸ். வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்யலாம். ஏகாஸ் கட்டத்திலேயே ஏதோ ஒரு தொகைக்குப் பேசி முடிப்பது நடக்கக்கூடியதுதான்; முடிக்கும்போது நல்ல ரெஃபரன்ஸ் கடிதத்தையும் பேரத்தில் சேருங்கள். புதிய ஸ்பான்சர் முதலில் கேட்பது அதைத்தான்.

கம்பெனி சின்னது, பத்து ஊழியருக்கு மூன்று கிளையன்ட் என்ற நிலை என்றால், நீங்கள் புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த லைசென்ஸ் ஒருநாள் போகும். அங்கே ஈமெயிலை அனுப்பிவிட்டு, முழுக் கவனத்தையும் புதிய ஸ்பான்சர் தேடுவதில் வையுங்கள். மாறிய பின் ஏகாஸ் பதிவு, பழைய கம்பெனியின் கடைசிச் சம்பளத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள். இடம் மாறிய நிம்மதியில் இதை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். ஹோம் ஆபீசுக்குச் சொல்ல வேண்டியதை, புதிய விசா கையில் வந்த பிறகு சொல்லலாம். உள்ளே இன்னும் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்திவிட்டு.

தொழிற்சங்கத்தில் சேர்வது எந்த நிலையிலும் நல்லது, ஆனால் பிரச்சினை முற்றிய பிறகு சேர்ந்தால் அந்தப் பிரச்சினைக்கே வக்கீல் உதவி கிடைக்காமல் போகலாம். சங்கம் இல்லாதவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஒர்க் ரைட்ஸ் சென்டர் போன்ற இலவச அமைப்புகளிடம் போங்கள்.

ஊரில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்தை இந்தச் சம்பள வழக்கில் சேர்த்துக் கேட்க முடியாது. அது தனி வழக்கு, அங்கேதான் நடத்த வேண்டும். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவது குற்றம். ஜிபே ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, உள்ளூர் போலீசிலும் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் வீட்டில் ஒருவர் நேரில் போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கிவரட்டும்.